வெளி மாநிலத்தில் புது பைக் வாங்கி கலிபோர்னியாவில் பதியலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெவாடாவில் விலை கம்மி, ஓரிகனில் விற்பனை வரியே கிடையாது, இங்கே எந்த டீலரிடமும் இல்லாத நிறம் அரிசோனாவில் ஷோரூமிலேயே நிற்கிறது. கலிபோர்னியாவில் இருந்துகொண்டு பைக் தேடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லை தாண்டிப் போய் வாங்கும் ஆசை வந்துவிடும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த மாநிலத்தின் புகை விதி எல்லா வண்டியையும் உள்ளே விடாது. தப்பான வண்டியை வாங்கிவிட்டால், வண்டிகளைப் பதியும் மாநில மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி. நம்பர் பிளேட் தராது. வண்டி கராஜில் நிற்கும், தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதியது இது.

முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாங்கலாமா, கூடாதா?

அந்த வண்டி கலிபோர்னியா சான்று பெற்றதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். எந்த மாநிலத்து டீலரிடம் வாங்கினாலும், ஓடோமீட்டரில் வெறும் 2 மைல் இருந்தாலும் பதிவு செய்துகொள்ளலாம். சான்று இல்லை என்றால், கலிபோர்னியாவில் குடியிருப்பவர் அதைப் புதிதாக வாங்கி இங்கே பதிய முடியாது. சில விலக்குகள் உண்டு, கீழே வருகிறது.

அமெரிக்காவில் விற்கும் பைக்குகளை இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையான இ.பி.ஏ.வின் விதி, கலிபோர்னியா காற்று வாரியமான கார்பின் விதி இரண்டையும் நிறைவேற்றுவது "50 மாநில வண்டி". இ.பி.ஏ. விதியை மட்டும் நிறைவேற்றுவது "49 மாநில வண்டி". டீலர்களும் டி.எம்.வி. கவுன்ட்டரில் இருப்பவர்களும் இப்படித்தான் பேசுவார்கள். இது தவிர கலிபோர்னியாவுக்கென்றே தனியாக வரும் மாடல்களும் உண்டு. அவற்றையும் 50 மாநில வண்டி போலவே நினைத்துக்கொள்ளுங்கள்.

7,500 மைல் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

கலிபோர்னியா சட்டத்தில் "புது வண்டி" என்றால் ஷோரூம் வண்டி மட்டும் இல்லை. நீங்கள் வாங்கும் நாளில் ஓடோமீட்டர் 7,500 மைலுக்குக் கீழே, அதாவது சுமார் 12,070 கிலோமீட்டருக்குக் கீழே, காட்டினால் அது புது வண்டிதான். அதற்கு முன் எத்தனை பேர் கை மாறியிருந்தாலும் அது கணக்கில் வராது. அப்படிப்பட்ட வண்டிக்குக் கலிபோர்னியா சான்று இருந்தே ஆக வேண்டும். 7,500 அல்லது அதற்கு மேல் ஓடியிருந்தால் 49 மாநில வண்டியையும் பதிந்துகொள்ளலாம்.

கார்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் பைக்கில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கார் என்றால் இரண்டு வருடத்தில் 20,000 மைல் சர்வசாதாரணமாக ஓடிவிடும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் பைக் ஐந்து வருடம் ஆனாலும் 4,000 மைலைத் தாண்டியிருக்காது.

நான் பார்த்திருப்பது பழைய வண்டி. ஒருவர் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். அதற்குமா?

அதற்கும்தான். எனக்குத் தெரிந்து இந்த விதியில் மிகப் பெரிய பள்ளம் இதுதான். நெவாடாவின் ரீனோவில் யாரோ ஒருவர் தன் பைக்கை விற்கிறார், 3,800 மைல் ஓடியிருக்கிறது, டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம் சுத்தமாக இருக்கிறது, விலையும் நியாயம். எல்லார் கண்ணுக்கும் அது செகண்ட் ஹேண்ட் வண்டி. டி.எம்.வி. கண்ணுக்கு மட்டும் புது வண்டி. டீலர் "டெமோ" என்று சொல்லித் தள்ளுபடியில் விற்கும் 600 மைல் வண்டிக்கும் இதே கதைதான்.

49 மாநில வண்டியை வாங்கி, அங்கேயே ஓட்டி, 7,500 தாண்டிய பிறகு கொண்டுவந்தால்?

ஆகாது. சட்டம் பார்ப்பது நீங்கள் வாங்கிய அன்றைக்கு மீட்டர் என்ன காட்டியது என்பதை. பதிவுக்கு வரும் அன்றைய மைலை அல்ல. வாங்கிய நாளின் மைல் விற்பனை ரசீதில் இருக்கும், டைட்டிலில் இருக்கும். "நீண்ட டூர் ஒன்று போய்விட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது" என்று சொல்பவர்கள் விதியில் பாதியை மட்டும் கேள்விப்பட்டவர்கள். மீட்டரைத் திருத்துவது பற்றி யோசிக்கவே வேண்டாம், அது மத்தியச் சட்டப்படி குற்றம்.

ஒரு வண்டி எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேபிளைப் பாருங்கள். வேறு எதை நம்பினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பைக்கிலும் புகைக் கட்டுப்பாட்டுத் தகவல் லேபிள் ஒன்று ஒட்டியிருப்பார்கள். மாடலைப் பொறுத்து சீட்டுக்கு அடியில், ஃபிரேமின் முன் கழுத்தில், ஸ்விங் ஆர்மில், பின் மட்கார்டின் உள்பக்கம் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். வெள்ளி அல்லது வெள்ளை நிறம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. என்ஜின் கொள்ளளவு, ஸ்பார்க் பிளக் எண், ஐடில் வேகம் போன்றவை இருக்கும். அதில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். இந்த வண்டி "யு.எஸ். இ.பி.ஏ. அண்ட் கலிபோர்னியா ரெகுலேஷன்ஸ்" விதிகளுக்கு உட்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தால் கவலையில்லை. "யு.எஸ். இ.பி.ஏ." என்பதோடு நின்றுவிட்டால் அது 49 மாநில வண்டி. கலிபோர்னியா என்ற சொல்லைக் கண்டதும் துள்ளிவிடவும் கூடாது. "கலிபோர்னியாவில் விற்பனைக்கு அல்ல" என்று சொல்வதற்காகவும் அந்தப் பெயர் வந்திருக்கலாம். முழு வாக்கியத்தையும் படியுங்கள்.

அதே லேபிளில் என்ஜின் குடும்பம் என்று ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் குறியீடு இருக்கும். முதல் எழுத்து மாடல் வருடம்: 2023-க்கு பி, 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். அடுத்த மூன்று எழுத்து தயாரிப்பாளர். அதற்கடுத்து வரும் சி என்பது மோட்டார் சைக்கிள். கார்ப் ஒவ்வொரு என்ஜின் குடும்பத்துக்கும் கொடுக்கும் சான்றிதழை, அதாவது "எக்ஸிக்யூட்டிவ் ஆர்டரை", தன் இணையதளத்தில் கம்பெனி வாரியாக, மாடல் வருட வாரியாகப் போட்டு வைத்திருக்கிறது. லேபிளில் உள்ள குறியீடு அங்கே இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கலாம். பைக்கின் பெயரை வைத்துத் தேடி நின்றுவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு ரகமும் வரலாம்.

தூரத்தில் இருக்கும் வண்டி என்றால் லேபிளை நெருக்கத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்து படிக்கும்படி. கூடவே வின் நம்பரும், அதாவது வண்டியின் அடையாள எண்ணும், ஒரே வீடியோவில் வந்தால் நல்லது. இதைக் கேட்டதும் சலித்துக்கொள்கிற டீலரிடம் பணம் கட்டாதீர்கள்.

டீலரே "கலிபோர்னியாவில் ஒரு பிரச்சினையும் வராது" என்கிறார். போதாதா?

அவர் ஊரில் எந்தக் குறுக்கு விசாரணையும் இல்லாமல் வண்டி பதிவாகிறது. உங்கள் ஊர் விதி அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லைப் பக்கத்து டீலர்கள் பலர் இதில் கில்லாடிகள்தான். கலிபோர்னியா விலாசம் என்றதும் 49 மாநில வண்டியை விற்க மாட்டேன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மற்றவர்களிடம் வாய்ப்பேச்சை வாங்காதீர்கள். "கலிபோர்னியா சான்று பெற்ற வண்டி, இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதை எழுத அவர் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இரண்டு ரகத்துக்கும் வண்டியில் என்னதான் வித்தியாசம்?

புகைக்குழாயில் இருந்து வரும் மாசைப் பொறுத்தவரை இன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 280 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள பைக்குகளுக்கு ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்து கிலோமீட்டருக்கு 1.4 கிராம் என்ற வரம்பைக் கலிபோர்னியா 2004-இல் கொண்டுவந்தது, 2008-இல் அதை 0.8 கிராமாகக் குறைத்தது. இ.பி.ஏ. இதே எண்களை 2006-இலும் 2010-இலும் பின்பற்றியது. ஆகவே குழாய்க் கணக்கில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

பிரிவது ஆவிக் கணக்கில். பெட்ரோல் டேங்க் வெயிலில் நிற்கும்போது உள்ளே இருப்பது ஆவியாகி, காற்றுப்போக்கி வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். என்ஜின் ஓடவே தேவையில்லை. இ.பி.ஏ. விதி டேங்க் சுவரிலும் ஹோஸிலும் ஊடுருவிக் கசியும் பெட்ரோலைத்தான் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியாவோ முழு வண்டியையும் அடைத்த அறைக்குள் நிறுத்தி, சூடேற்றி, மொத்தமாக எவ்வளவு ஆவி வருகிறது என்று அளக்கிறது. அதில் தேற வேண்டும் என்றால் கார்பன் கேனிஸ்டர் வேண்டும். கரித்தூள் நிரப்பிய ஒரு சின்ன டப்பா அது. டேங்கில் இருந்து வரும் ஆவி ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய்க் கரியில் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் சூடாகி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, ஒட்டியிருந்த ஆவியை இன்டேக் பக்கம் இழுத்து எரித்துவிடும்.

ஜப்பான் கம்பெனிகளின் விவரப் பட்டியலில் சில மாடல்களுக்கு எடையை இரண்டு தடவை போட்டிருப்பார்கள், கலிபோர்னியாவுக்கு மட்டும் ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாக. அந்தக் கூடுதல் இந்த டப்பாவும் அதன் ஹோஸ்களும்தான்.

கேனிஸ்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பெட்ரோல் போடும்போது ஃபில்லர் கழுத்தின் அடி விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்புவரை தளும்பத் தளும்ப நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் இறங்கும். கரி ஊறிப்போனால் வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், சீட்டுக்கு அடியில் பெட்ரோல் வாடை அடிக்கும். மெக்கானிக் வேறு எதையெதையோ கழற்றிப் பார்ப்பார்.

அப்படியானால் 49 மாநில வண்டிக்கு நானே ஒரு கேனிஸ்டர் வாங்கி மாட்டிவிட்டால்?

மாட்டலாம், பலன் இல்லை. சான்று கொடுக்கப்படுவது என்ஜின் குடும்பத்துக்கு, தொழிற்சாலையில், மொத்த அமைப்பையும் சோதித்த பிறகு. ஒரு பாகத்தைச் சேர்ப்பதால் லேபிள் மாறாது. கலிபோர்னியா லேபிளை எங்கிருந்தோ வாங்கி ஒட்டுவது வேறு மாதிரிச் சிக்கல். அதன் மேல் உள்ள என்ஜின் குடும்ப எண் உங்கள் வண்டியின் வின் நம்பரோடு ஒத்துப்போகாது.

பைக்குக்கு ஸ்மாக் செக் என்கிற புகைச் சோதனையே கிடையாதே. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பைக்குக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் சோதனை இல்லை என்பது உண்மை. ஆனால் வெளி மாநில வண்டியை முதல் தடவை பதியும்போது "வின் வெரிஃபிகேஷன்" கட்டாயம். டி.எம்.வி. ஊழியரோ, நெடுஞ்சாலைக் காவல்துறையோ, உரிமம் பெற்ற தனியார் சரிபார்ப்பவரோ வண்டியை நேரில் பார்த்து ரெஜ் 31 என்ற படிவத்தை நிரப்புவார்கள். அதில் புகை லேபிளுக்கென்று தனி இடம் இருக்கிறது. அவர் டார்ச் அடித்து சீட்டைத் தூக்கச் சொல்வது அதற்காகத்தான். மீட்டர் 7,500-க்குக் கீழே, லேபிளில் கலிபோர்னியா இல்லை என்றால் கவுன்ட்டரில் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

கலிபோர்னியாவுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி ராஜ்ஜியம்?

மற்ற மாநிலங்களுக்கு முன்னாலேயே இது மூச்சுத் திணறிய மாநிலம். 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலஸை மூடிய புகைமூட்டத்தைப் பார்த்து எதிரி விஷவாயு வீசிவிட்டான் என்றுகூட மக்கள் பயந்தார்கள், போர்க்காலம் அது. வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்துதான் அந்த மூட்டம் உருவாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவர் கால்டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நாள் முழுக்க வெயில். அழுக்குக் காற்று வெளியே போக வழியில்லாத ஊர். கார்ப் 1967-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் இதே ஹாகன்-ஸ்மிட்தான். மத்திய அரசுக்கு முன்பே தன் விதிகளைப் போட்டுவிட்ட மாநிலம் என்பதால், மத்திய தூய காற்றுச் சட்டமே கலிபோர்னியாவுக்கு மட்டும் தனி விதி வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. பெட்ரோல் ஆவியைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது: வெயிலில் மூட்டமாக மாறும் ஹைட்ரோகார்பன்தான் அந்த ஆவி.

அதற்காக ஒரு கேனிஸ்டரை முன்னிட்டு இவ்வளவு காகித வேலையா என்று எனக்கும் எரிச்சல் வருவதுண்டு.

வேலை மாறி டெக்சஸிலிருந்து சான் ஹோசேக்கு வருகிறேன். 2,000 மைல் ஓடிய என் பைக்கை என்ன செய்வது?

கூடவே கொண்டு வாருங்கள். நீங்கள் டெக்சஸில் உண்மையிலேயே குடியிருந்தபோது வாங்கி, அங்கே உங்கள் பெயரில் பதிந்திருந்தால், 49 மாநில வண்டியாக இருந்தாலும் விலக்கு உண்டு. டெக்சஸ் பதிவுச் சீட்டு, டைட்டில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் குடியேறிய 20 நாளுக்குள் வண்டியைப் பதிய வேண்டும்.

இங்கே வரிசைதான் முக்கியம். ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, இன்னும் டெக்சஸில்தான் வீடு, அங்கேயே பைக் வாங்கிப் பதிந்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால் விலக்குக்குள் வருவீர்கள். கலிபோர்னியாவில் வீடு எடுத்து, உரிமம் மாற்றி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு டல்லஸ் போய் பைக் வாங்கினால், பழைய டெக்சஸ் விலாசம் உதவாது. பைக் வாங்கப் போகிறீர்கள் என்றால் லாரி கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

வேறு என்ன விலக்குகள்?

வெளி மாநிலத்தில் இருந்து வாரிசுரிமையாக வந்த வண்டி. விவாகரத்துத் தீர்ப்பில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வண்டி. ராணுவப் பணியில் இருந்தவர் கடைசியாகப் பணி செய்த மாநிலத்தில் பதிந்த வண்டி. இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது: கலிபோர்னியாவில் பதிந்த உங்கள் வண்டியில் வெளி மாநிலம் போயிருந்தபோது அது திருடுபோனது, அல்லது சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கிவிட்டது என்றால், வீடு திரும்ப அங்கேயே வாங்கும் மாற்று வண்டிக்கு விலக்கு உண்டு. போலீஸ் அறிக்கை மாதிரி ஆதாரம் வேண்டும். இவற்றைக் கோர ரெஜ் 256 என்ற வாக்குமூலப் படிவம் இருக்கிறது. சாதாரணப் பரிசு இந்தப் பட்டியலில் இல்லை.

லாஸ் வேகஸில் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன் பெயரில் வாங்கி, பிறகு என் பெயருக்கு மாற்றினால்?

அவன் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறும் அந்த நாளில் மீட்டர் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. 7,500-க்குக் கீழே என்றால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறீர்கள். அவன் தனக்காக வாங்கி, தானே 9,000 மைல் ஓட்டிவிட்டு, பிறகு உங்களுக்கு விற்றால் அதில் தப்பே இல்லை.

மற்றபடி, வண்டி அவன் பெயரில் இருக்க, நீங்கள் சாக்ரமென்டோவில் ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் இடிப்பது காப்பீடு. வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் பிரீமியம் போடுகிறார்கள். விபத்து நடந்து, சொன்ன விலாசம் பொய் என்று தெரிந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். உறவும் கெடும், அது தனி.

மொன்டானாவில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் பதியலாம் என்கிறார்களே?

வேண்டாம். மொன்டானாவில் விற்பனை வரி இல்லை என்பதை வைத்துப் பின்னிய பழைய தந்திரம் இது. கலிபோர்னியாவில் குடியிருந்துகொண்டு வெளி மாநில பிளேட்டோடு ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் புகார் கொடுக்க நெடுஞ்சாலைக் காவல்துறை தனியாக ஒரு வழியே வைத்திருக்கிறது.

ஓரிகனில் வாங்கினால் வரி மிச்சம்தானே?

இல்லை. வரி உங்கள் பின்னாலேயே வரும். கலிபோர்னியாவில் பயன்படுத்த வாங்கிய வண்டிக்குப் பயன்பாட்டு வரி என்ற பெயரில், நீங்கள் குடியிருக்கும் இடத்து விற்பனை வரி விகிதத்திலேயே, பதிவின்போது டி.எம்.வி. வசூலித்துவிடும். மாநில அடிப்படை விகிதம் 7.25 சதவீதம், அதன் மேல் உள்ளூர் வரி. 12,000 டாலர் பைக் என்றால் அடிப்படை மட்டுமே 870 டாலர். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே விற்பனை வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். ரசீது இல்லாமல் கழிக்க மாட்டார்கள். வெளியே வாங்கி ஒரு வருடத்துக்குள் உள்ளே கொண்டுவந்த வண்டி இங்கே பயன்படுத்த வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

ஆகவே வெளி மாநிலத்தில் மிச்சமாவது வண்டியின் விலையிலும் டீலர் போடும் கட்டணங்களிலும் மட்டும்தான். கலிபோர்னியாவில் டீலர் வசூலிக்கும் ஆவணக் கட்டணத்துக்கு 85 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு; பல மாநிலங்களில் இது நூற்றுக்கணக்கில் போகும். போக்குவரத்து, செட்டப், ஆவணம் எல்லாம் சேர்த்து "கதவைத் தாண்டும் விலை" என்ன என்று இரண்டு பக்கமும் எழுத்தில் வாங்குங்கள். விமான டிக்கெட்டையும் பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் உள்ளூர் டீலரிடம் பேரம் பேசியிருக்கலாம் என்றுதான் தோன்றும். இங்கே கிடைக்காத மாடலோ நிறமோ என்றால் அது வேறு கணக்கு.

பதிவுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ரெஜ் 343 விண்ணப்பம், டீலர் கொடுத்த தயாரிப்பாளர் சான்று அல்லது வெளி மாநில டைட்டில், விற்பனை ரசீது, வாங்கிய அன்றைய மைல் விவரம், நிரப்பிய ரெஜ் 31, காப்பீடு. வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனால் சரிபார்ப்பு அங்கேயே முடியும். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு போங்கள்.

வாங்கிய கையோடு ஓட்டிக்கொண்டே வரலாமா?

வரலாம். டீலரிடம் அந்த மாநிலத்துத் தற்காலிக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீடு வண்டியைத் தொடும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் காப்பீடு ஒருவருக்குக் காயம் என்றால் 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. உரிமத்தில் பைக் ஓட்டுவதற்கான எம்1 வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். புது என்ஜினை நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பல மணி நேரம் வைக்காதீர்கள், புது டயரில் முதல் நூறு மைலுக்கு வளைவில் வீரம் காட்டாதீர்கள்.

டர்ட் பைக் வாங்கி, லைட் மாட்டி, தெரு வண்டியாகப் பதியலாமா?

முடியாது. அதன் லேபிளே சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கு என்று சொல்லும். வேறு சில மாநிலங்களில் இப்படி மாற்றி பிளேட் வாங்கிவிடுகிறார்கள். அந்த பிளேட்டைப் பார்த்து ஏமாந்து வாங்காதீர்கள். தொழிற்சாலையிலேயே இரண்டுக்கும் சான்று பெற்று வரும் டூயல் ஸ்போர்ட் வண்டிதான் வழி.

ஊரில் இருக்கும் என் புல்லட்டைக் கப்பலில் கொண்டுவர முடியுமா?

ஆசை புரிகிறது. ராயல் என்ஃபீல்டு சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்து அமெரிக்காவுக்கும் அனுப்புகிறது; ஆனால் அமெரிக்காவுக்கு வருவது இங்கத்திய சான்றோடும் லேபிளோடும் வருகிறது. ஊரில் நீங்கள் வாங்கியது இந்திய விதிக்குச் செய்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சட்டத்துக்கு அது வேறு வண்டி. மத்திய விதியில் பாதுகாப்புத் தரங்களுக்கு 25 வருடம், இ.பி.ஏ.வுக்கு 21 வருடம் பழசானால்தான் விலக்கு. அதைத் தாண்டியும் கலிபோர்னியாவின் கதவு தனி. அப்பா ஓட்டிய வண்டி என்ற பாசம் இருந்தால் அதை ஊரிலேயே நன்றாகப் பராமரித்து வைத்து, விடுமுறையில் போய் ஓட்டுங்கள். இங்கே ஓட்ட இங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

கலிபோர்னியா வண்டி என்பதால் ஏதாவது லாபம் உண்டா?

புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு, 280 சி.சி.யோ அதற்கு மேலோ உள்ள பைக்கானால், 5 வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு, எது முதலில் வருகிறதோ அது. கூடவே ஒரு கட்டுப்பாடும்: புகை அமைப்பைத் தொடும் எந்த வெளிப் பாகத்துக்கும் கார்பின் அனுமதி எண் வேண்டும். 2013 முதல் தயாரான பைக்கில் சைலன்ஸர் மாற்றினால் அதில் இ.பி.ஏ. ஒலி முத்திரை இருக்க வேண்டும். வாங்கிய வாரமே கேனிஸ்டரைக் கழற்றி எறியச் சொல்லும் யூடியூப் அறிவுரைகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஐயோ, வாங்கிவிட்டேன். லேபிளில் கலிபோர்னியா இல்லை. இனி என்ன?

முதலில், அது உண்மையிலேயே 49 மாநில வண்டிதானா என்று உறுதிசெய்யுங்கள். லேபிள் உரிந்து போயிருக்கலாம், பின் மட்கார்டை மாற்றியபோது அதோடு போயிருக்கலாம், நீங்கள் பார்த்தது ஒலி லேபிளாகவோ டயர் காற்று லேபிளாகவோ இருக்கலாம். வின் நம்பரைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். கலிபோர்னியா சான்று பெற்ற வண்டிதான் என்றால் அதை எழுத்தில் வாங்கி, அந்த வின்னுக்கு உரிய புது லேபிளை டீலர் மூலம் ஆர்டர் செய்யலாம்.

49-தான் என்று உறுதியானால் டி.எம்.வி.யில் வாதாடிப் பயனில்லை. விற்ற டீலரிடம் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இப்போது கை கொடுக்கும். அவர் மறுத்தால் வெளி மாநிலத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு விற்பதுதான் வழி. டிரெய்லரில் ஏற்றி அனுப்புங்கள், ஓட்டி மைல் ஏற்ற வேண்டாம். மைல் ஏற ஏற விலைதான் இறங்கும். கலிபோர்னியாவிலேயே இன்னொருவர் தலையில் கட்டிவிட நினைக்காதீர்கள்: அவராலும் பதிய முடியாது, விதி தெரிந்துகொண்டே விற்றது நீங்கள் என்று ஆகிவிடும்.